தரவுத்தள வல்லுநர் உரைகளைக் கேட்கும் முறை

கேள்வி என்னும் தமிழ்ச்சொல் செவியாற் கேட்டறிதலையும் வினாவுதலையும் ஒருங்கே உணர்த்துவதாம். இவ்விரண்டும் கூடியவழியே கேட்டது அறிவாகும். தரவுத்தளக் கலையைப் பயிலும் மாணவர்க்கு இவ்வுண்மை பெரிதும் வேண்டற்பாலது.

அமெரிக்க தேசத்துப் பிட்ஸ்பர்க் நகரிலுள்ள கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தார், தரவுத்தளங்களைத் தாமே இயற்றிய வல்லுநர்களை அழைத்து உரையாற்றுவித்து, அவ்வுரைகளை யாவரும் விலையின்றிக் காணுமாறு இணையத்தில் வைத்துள்ளனர். அவையிலிருந்தோர்க்கே கிட்டிய அறிவு இன்று நம் மாணவர்க்கும் எளிதிற் கிடைக்கின்றது. இதனைக் கைக்கொள்ளல் வேண்டும் என்பதில் ஐயமில்லை. ஆயின், எவ்வாறு கேட்பது? "இவ்வமைப்பால் பெற்றது யாது? அதன்பொருட்டு இழந்தது யாது?" என்னும் இரு வினாக்களையும் மனத்திற்கொண்டே கேட்டல் வேண்டும் என்பது எமது கருத்து.

இக்கலையின் வரலாறே இதற்குச் சான்று. 1970-ல் எட்கர் காட் என்பார், தரவுகளை அட்டவணைகளாக வகுத்து, வேண்டுவது யாது என்று மட்டும் கூறினாற் போதும். வழிகாணுதல் இயந்திரத்தின் வேலை என்று எழுதினார். 1973-ல் டூரிங் பரிசு பெற்ற சார்லஸ் பாக்மன் என்பாரோ, நிரல் எழுதுவோன் மாலுமியைப் போல இணைப்புக்களின் வழியே தரவுகளிடைச் செல்பவன் என்றார். 1974-ல் ஆன் ஆர்பர் நகரில் இவ்விருவரும் ஓரவையில் எதிர்நின்று வாதித்தனர். அட்டவணை முறையில் வேகங் குன்றும் என்பதே எதிர்ப்பாளர் கூறிய தடை. பல வழிகளின் செலவையும் கணக்கிட்டுக் குறைந்ததனைத் தெரிந்தெடுக்கும் முறையை, ஐ.பி.எம். ஆய்வுக்கூடத்தைச் சார்ந்த பட்ரீஷியா செலிங்கர் அம்மையாரும் உடனுழைத்தாரும் 1979-ல் வெளியிட்டனர். தடை கூறியோர் இருந்தமையாலன்றோ விடையும் செப்பமுற்றது!

நிற்க. பல இடங்களிற் பரந்துள்ள கணினிகளுக்கிடையே தொடர்பு அறுந்தபோது, எங்கும் ஒரே விடை தருதலும், எப்போதும் விடை தருதலும் ஒருங்கே இயலா என்று எரிக் புரூவர் 2000-ல் ஒரு சொற்பொழிவிலே கூறினார். 2002-ல் கில்பர்ட், லிஞ்ச் என்னும் இருவர் அதனை நிறுவினர். அமேசான் நிறுவனத்தார் 2007-ல் விளக்கிய டைனமோ, வாங்குவோர் கூடையிற் பொருளிடுதல் ஒருபோதும் தடைப்படலாகாது எனக் கொண்டு, பிரதிகள் சிறிதுபோது வேறுபடுதலைப் பொறுத்தது. கூகிள் நிறுவனத்தார் 2012-ல் விளக்கிய ஸ்பானரோ, முரண்படாமையையே போற்றி, அணுக்கடிகாரங்களின் துணைகொண்டு, நேரத்தைப் பற்றிய ஐயம் தீருமளவும் சில மில்லிசெகண்டுகள் காத்திருத்தலை மேற்கொண்டது. இரண்டும் தத்தம் பயன் நோக்கிச் சிறந்தனவே. முன்னதன் புகழை மட்டும் கேட்ட மாணவன் அதனையே வங்கிக்கோ மருத்துவமனைக்கோ எடுத்தாள்வானாயின், ஒருவர் இருப்புப்பணம் ஈரூர்களில் இருமுறை எடுக்கப்படும். ஒரே படுக்கை இரு நோயாளர்க்கு ஒதுக்கப்படும். அவன் கேளாத வினாவின் பயனை ஏதுமறியாப் பிறர் நுகர்வர்.

"பேசுவோருட் பலர் தம் பண்டத்தை விற்கும் நிறுவனத்தாரன்றோ? அவர் தங்குறை கூறுவரோ?" எனச் சிலர் வினவலாம். அஃது உண்மையே. எனினும், கேளாதொழிதல் அதற்குப் பரிகாரமன்று. தங்கையால் இயற்றியோர் பட்ட இடர்ப்பாடுகள் பாடநூல்களிற் காண்டற்கரியன. அவர் மறைப்பனவும் உரையிறுதியில் எழும் வினாவிடைகளில் வெளிப்படுதல் கூடும். ஆதலின் உரையினும் அவ்விறுதிப் பகுதியையே ஊன்றிக் கேட்டல் நன்று.

ஆகவே, நம் கல்லூரியில் ஆசிரியரும் மாணவரும் திங்கள்தோறும் ஒருங்கிருந்து ஓருரையைக் கேட்பாராக. அடுத்த வாரத்தில் ஒருவர் அவ்வமைப்பைத் தாங்கியும், மற்றொருவர் மறுத்தும் தமிழிற் பேசுவாராக. தாய்மொழியில் விளக்க இயலாததனை நாம் உள்ளவாறு உணர்ந்தோம் என்று சொல்லுதற்கில்லை. பண்டங்களின் பெயர்கள் ஆண்டுதோறும் மாறும். பெற்றதையும் இழந்ததையும் சீர்தூக்கும் பழக்கமோ வாழ்நாள் முழுதும் துணைநிற்கும்.