கம்பனி பஸ்ஸின் முதற்படி



வேலை கிடைத்தும் அதற்குப் போய்வர முடியாமல் நின்றுவிட்ட பெண்கள் நம்மிடையே பலர். தையல் நன்றாகத் தெரியும். தொழிற்சாலையும் ஆள் எடுக்கிறது. ஆனால் வீட்டிலிருந்து பிரதான வீதிவரை கிரவல் ஒழுங்கை. அதன்பின் முழங்கால் உயரப் படியுள்ள பஸ். செயற்கைக் காலுடன் ஏறி முடிப்பதற்குள் நடத்துனர் 'றைற்' சொல்லிவிடுகிறார். மாரி தொடங்கினால் ஒழுங்கையும் சேறாகிவிடும். சில மாதங்களில் அவள் நின்றுவிடுகிறாள். அலுவலகக் கோப்பில் "வரவு ஒழுங்கில்லை" என்று எழுதப்படுகிறது.

இதில் முதலாளி என்ன செய்ய முடியும் என்று கேட்பவர்கள் உண்டு. ஆடைத் தொழிற்சாலைகள் பலவும் பஸ் விட்டு ஊர் ஊராகப் பெண்களை ஏற்றி இறக்குகின்றன. அந்த பஸ்ஸில் வலுவிழந்த பெண்ணும் ஏறுவதற்குப் பெரிய செலவு வேண்டியதில்லை. முன்வாசலை ஒட்டிய இருக்கையை அவளுக்கென ஒதுக்கலாம். படிக்குக் கீழே வைத்தெடுக்க உறுதியான மரப்படி ஒன்றைச் செய்விக்கலாம். வாசலில் இன்னொரு கைபிடிக் கம்பி பொருத்தலாம். எல்லாவற்றிலும் முக்கியம், அவள் அமர்ந்த பின்பே வண்டியை எடுக்கும்படி சாரதிக்கு முகாமையாளரே சொல்லிவைப்பது. செயற்கைக் கால் அணிந்தவர் ஏறும்போது நல்ல காலையும் இறங்கும்போது செயற்கைக் காலையும் முதலில் வைக்கவேண்டும். அதற்குக் கையும் வேண்டும், நேரமும் வேண்டும். இதைச் சாரதி அறிந்திருந்தால் அவசரப்படுத்தமாட்டார்.

பார்வை குறைந்தவருக்கு இறங்கும் இடத்தை உரக்கச் சொன்னாற் போதும். காது கேளாதவருக்கு பஸ் பிந்துவதைக் கைத்தொலைபேசியில் குறுஞ்செய்தியாக அனுப்பலாம். சக்கர நாற்காலியில் இருப்பவருக்குத்தான் சாதாரண பஸ் உதவாது. அவருக்கு முச்சக்கர வண்டிக் கூலியில் ஒரு பங்கைக் கம்பனி ஏற்கவேண்டும். பாதை நனைந்து கிடக்கும் நாட்களில் வேலை தொடங்கும் நேரத்தையும் சற்றுத் தளர்த்தலாம்.

"கஷ்டப்பட்டு வரவேண்டாம், வீட்டிலிருந்தே தைத்துத் தாருங்கள்" என்று சொல்லும் முதலாளிமாரும் இருக்கிறார்கள். சிலருக்கு அது வசதிதான். ஆனால் துண்டுக்கணக்கில் காசை வாங்கிக்கொண்டு, ஊழியர் சேமலாப நிதியும் இல்லாமல், நாலு பேரோடு பேசிச் சிரிக்கவும் வழியில்லாமல் இருப்பதை உதவி என்று ஏற்கவேண்டியதில்லை. வெளியே போய் உழைக்க விரும்புகிறவளுக்கு வழியைத்தான் திறந்துவிட வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது? 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம், வலுவிழப்பைக் காரணங்காட்டி ஆட்சேர்ப்பில் பாரபட்சம் காட்டுவதைத் தடைசெய்கிறது. பொதுமக்கள் செல்லும் இடங்களுக்கு வலுவிழந்தோரும் தடையின்றிச் செல்லலாம் என்பதும் அதிலேயே உண்டு. கட்டடங்களின் சாய்தளம், மலசலகூடம் பற்றிய ஒழுங்குவிதிகள் 2006இல் வந்தன. இலங்கை 2016இல் ஏற்று உறுதிப்படுத்திய ஐ.நா. சமவாயம் போக்குவரத்தையும் பேசுகிறது, வேலைத்தலத்தில் செய்துகொடுக்கவேண்டிய நியாயமான வசதிகளையும் பேசுகிறது. ஆனாலும் "வீட்டு வாசலுக்கு பஸ் அனுப்பு" என்று தனியார் முதலாளியைக் கட்டாயப்படுத்தும் வரி 1996ஆம் ஆண்டுச் சட்டத்தில் இல்லை. ஆகவே கேட்டுத்தான் பெறவேண்டியிருக்கிறது.

கேட்பதை நேர்முகப் பரீட்சையன்றே கேளுங்கள். பஸ் எந்த வழியால் வருகிறது, எத்தனை மணிக்கு, எங்கே நிற்கும் என்று விசாரியுங்கள். பிறகு ஒரு பக்கக் கடிதம் எழுதுங்கள். உங்கள் துன்பக் கதை முழுவதும் அதில் வேண்டாம். "ஆலடிச் சந்திக்குப் பதிலாக வாசிகசாலையடியில் நிறுத்தினால் நான் நேரத்துக்கு வருவேன்" என்பதுபோல் வேண்டியதைத் திட்டமாக எழுதுங்கள். அதே பஸ்ஸில் வரும் கர்ப்பிணிப் பெண்களும் முழங்கால் நோவுள்ள அக்காமாரும் சேர்ந்து ஒப்பமிட்டால் முகாமையாளருக்கு மறுப்பது கடினம். மரப்படி எல்லோருக்கும்தானே உதவும். பதில் வராவிட்டால் பிரதேச செயலகத்திலுள்ள சமூகசேவை உத்தியோகத்தரிடம் போய்ச் சொல்லுங்கள். கடிதத்தின் பிரதியொன்றைத் திகதியிட்டு உங்களிடம் வைத்திருக்க மறக்காதீர்கள்.