மதில் நின்றது, மொழி நிற்கவில்லை

ஓர் ஊரின் வரலாற்றை அதன் கற்களைக் கொண்டு எழுதுவாரும் உளர். அதன் மக்கள் நாவினைக் கொண்டு எழுதுவாரும் உளர். இவ்விரண்டனுள் எது மெய்வரலாறு? இதனை எண்ணிப் பார்ப்பதற்கு உருமேனிய நாட்டின் பியெர்த்தான் என்னும் சிற்றூராட்சியினும் தெளிவான எடுத்துக்காட்டு அரிது.

கார்ப்பாத்திய மலைத்தொடர் வளைத்து நிற்கும் மேட்டுநிலமே திரான்சில்வேனியா. அதன்கண் சிபியூ மாவட்டத்தில், மெதியாசு, சிகிசோரா என்னும் இரு நகரங்கட்கு இடைப்பட்ட குன்றுகளின் நடுவே பியெர்த்தான் அமைந்துள்ளது. பியெர்த்தான், கோப்சா மாரே, இரிக்கீசு ஆகிய மூன்று ஊர்கள் சேர்ந்ததே இவ்வூராட்சி. மக்கள் ஏறத்தாழ இரண்டாயிரத்தைந்நூற்றுவர். சுற்றியுள்ள சரிவுகளில் படிபடியாய் வெட்டப்பெற்ற கொடிமுந்திரித் தோட்டங்கள் ஒருகாலத்தில் இவ்வூரைச் செல்வத்தில் திளைக்கச் செய்தன. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் வேரைத் தாக்கும் பூச்சியொன்று பரவி அவற்றை அழித்தது.

இவ்வூர்களை உருவாக்கியோர் சாக்சன்கள் எனப்பெறும் செருமானிய இனத்தார். 12ஆம் நூற்றாண்டில் அங்கேரி மன்னன் இரண்டாம் கேசா, எல்லை காக்கவும் நிலந்திருத்தவும் இவர்தம் முன்னோரைத் திரான்சில்வேனியாவில் குடியமர்த்தினான். இவர்களின் பேச்சு இலக்சம்பர்க்கு நாட்டு மொழிக்கு நெருங்கிய உறவுடையது. எழுதுவது பொதுச் செருமானியம். அடுப்பங்கரையிலும் வயலிலும் பேசுவது சாக்சன். ஆகவே அம்மொழியின் வாழ்வு ஏட்டில் அன்று, வீட்டில்தான் இருந்தது. இதனை நெஞ்சிற் கொள்க.

பியெர்த்தானைப் பற்றிய முதல் எழுத்துச் சான்று 1283ஆம் ஆண்டினது. துருக்கியர் படையெடுப்புக்கு அஞ்சிய மக்கள், தம் கிறித்தவக் கோயிலையே கோட்டையாக்கி அதனைச் சுற்றி மூன்று மதில் வளையங்களை எழுப்பினர். ஒரே திறவுகோலால் பல தாழ்களை ஒருங்கே இயக்கும் அக்கோயிலின் கதவுப்பூட்டு, 1900இல் பாரிசு உலகக் கண்காட்சியில் வைக்கப்பெற்றது. 1572 முதல் 1867 வரை சாக்சன் ஆயரின் இருக்கையும் இவ்வூரே.

எனினும் நடுநிலை தவறலாகாது. 1438இல் அங்கேரியப் பெருமக்களும் செக்கேலரும் சாக்சன்களும் கூடி ஒப்பந்தம் செய்துகொண்ட பின், அந்நிலத்தின் ஆட்சியுரிமை அம்மூவர்க்கே உரியதாயிற்று. அதே மண்ணில் பெருந்தொகையினராய் உழைத்து வாழ்ந்த உருமேனியர்க்கு அதில் இடமில்லை. தம் மொழிக்கு மதில் கட்டியவர்கள், பிறர்க்குக் கதவையும் அடைத்தனர். இதனை மறைத்து எழுதுவது வரலாறாகாது.

அடைத்த கதவை உடைத்தது எது? துருக்கியர் படையன்று. இரண்டாம் உலகப்போரின் இறுதியில், 1945 சனவரியில், உருமேனியச் செருமானியருள் ஏறத்தாழ 70,000 பேர் சோவியத்து நாட்டுச் சுரங்கங்கட்கும் ஆலைகட்கும் கட்டாய உழைப்புக்கென இழுத்துச் செல்லப்பெற்றனர். பலர் மீளவில்லை. மீண்டவர்க்கோ நிலமில்லை. பின்னர் வந்த சௌசெசுக்கு ஆட்சி, அதனினும் இழிந்த ஒன்றைச் செய்தது. மேற்குச் செருமனியிடம் தலைக்கு இவ்வளவு எனப் பணம் பெற்றுக்கொண்டு, 1989 வரை இரண்டு நூறாயிரத்துக்கும் மேற்பட்டோரை வெளியேற விட்டது. தன் குடிமக்களை ஓர் அரசு விற்றது! 1989 திசம்பரில் அவ்வாட்சி வீழ்ந்ததும், 1990 என்னும் ஒரே ஆண்டில் நூறாயிரத்துக்கும் மேற்பட்டோர் புறப்பட்டுவிட்டனர்.

1930இல் அன்றைய உருமேனிய எல்லைக்குள் ஏறத்தாழ 745,000 செருமானியர் இருந்தனர். 2021ஆம் ஆண்டுக் கணக்கில் 23,000 பேர்கூட இல்லை. அன்றைய எல்லை விரிந்தது என்பதைக் கழித்துப் பார்ப்பினும் வீழ்ச்சி வீழ்ச்சியே. பியெர்த்தானில் இன்று உருமேனியரே மிகுதி. உரோமா மக்களும் கணிசமாக வாழ்கின்றனர். சாக்சன்கள் மிகச் சிலரே.

ஈண்டு ஒன்று கருதத்தக்கது. அம்மொழியை எவரும் தடை செய்யவில்லை. செருமானியப் பள்ளிகள் சௌசெசுக்கு ஆட்சியிலும் இயங்கின. சாக்சன் பேச்சுக்குப் பேரகரமுதலி 1908 முதல் பகுதி பகுதியாய் வெளிவந்தது. 2001ஆம் ஆண்டுச் சட்டம், ஓர் ஊரில் நூற்றுக்கு இருபதின்மருக்கு மேல் சிறுபான்மையர் இருப்பின் ஊராட்சியில் அவர்தம் மொழிக்கு இடந்தந்தது. பள்ளியும் அகரமுதலியும் சட்டமும் இருந்தும் பயனென்ன? பேசுவார் மண்ணை விட்டகன்றபின் அவை நீரற்ற குளத்துக்குக் கட்டிய படித்துறைகளே.

1993இல் பியெர்த்தான் கோயிற்கோட்டையை யுனெசுக்கோ உலக மரபுச்செல்வமாக அறிவித்தது. நன்று, கல் காக்கப்பெறுதல் வேண்டும். ஆயினும் அம்மதிலை எழுப்பியவர்கள் ஒருவரையொருவர் எம்மொழியில் விளித்தனரோ, அம்மொழியைக் காக்க எந்தப் பட்டியல் உண்டு? சுற்றுலாவினர் பூட்டைக் கண்டு வியக்கின்றனர். அப்பூட்டுக்கு அவ்வூரார் வீட்டில் வழங்கிய பெயரை அவர்க்குச் சொல்ல எத்தனைபேர் எஞ்சியுள்ளனர்?

போனவர்களைப் பழிப்பது எளிது. பழியோ அவர்களது அன்று. நிலத்தைப் பறித்து, உழைப்பைப் பறித்து, இறுதியில் விலையும் வைத்த அரசினதே பழி. மொழியைக் கொல்ல விரும்புவார் அதன் எழுத்தை அழிக்க வேண்டுவதில்லை. அதனைப் பேசுவார் தம் ஊரில் மானத்தோடு வாழ முடியாதபடி செய்தாற் போதும்.

மொழிக்கு மதில் மக்களே. அம்மதில் சரிந்தபின் மூன்று கல்மதில்கள் நின்றும் பயனில்லை என்பதைப் பியெர்த்தான் நமக்குச் சொல்லாமற் சொல்கின்றது.