ஃபார்மட் அடிச்சா போயிடுமா? போங்கய்யா!

"பென் டிரைவ்ல வைரஸா? ஃபார்மட் அடி, எல்லாம் போயிடும்." யாரைக் கேட்டாலும் இதே வேதவாக்குதான். பொட்டி தட்டிப் பிழைக்கிற நம்மாளுங்களே இப்படிச் சொல்லிக்கிட்டுத் திரியறாங்க. சுத்தப் பேத்தல் மக்களே!

பென் டிரைவ்ங்கறது வெறும் மெமரி சிப் இல்லை. உள்ளே கண்ட்ரோலர்னு ஒரு குட்டிக் கம்ப்யூட்டர் இருக்கு. அதை ஓட்டறது ஃபர்ம்வேர். "நான் யாரு, எனக்கு எத்தனை ஜிபி"ன்னு நம்ம கணினிகிட்ட சொல்றதும் அதுதான். அது சொன்னதை நம்ம கணினி அப்படியே நம்பிடும். ஆயிரம் தடவை ஃபார்மட் அடிங்க, ஃபர்ம்வேர் அசையாது. ஃபைலைத் தேடற ஆன்டிவைரஸ் கண்ணுக்கும் அது தெரியாது.

2014 ஆகஸ்ட்ல, லாஸ் வேகாஸ் பிளாக் ஹாட் மாநாட்டுல, கார்ஸ்டன் நோலும் யாக்கோப் லெல்லும் 'பேட்யூஎஸ்பி'ன்னு இதைச் செஞ்சே காட்டினாங்க. ஃபர்ம்வேரை மாத்தின பென் டிரைவ் "நான் கீபோர்டு"ன்னு பொய் சொல்லிட்டு, தானாவே கமாண்ட் தட்டுது! அதே வருஷம் ஆடம் காடிலும் பிராண்டன் வில்சனும் ஃபிசான் 2251-03 கண்ட்ரோலரை மாத்தி எழுதற கோடைப் பொதுவுல போட்டுட்டாங்க. எப்படி முடிஞ்சது? புது ஃபர்ம்வேர் யார் கொடுத்ததுன்னு அந்தக் கண்ட்ரோலர் கையெழுத்தே கேக்கறதில்லை. கதவு இருக்கு, பூட்டு இல்லை.

போலி வியாபாரிக்கும் இதே கதவுதான். 8 ஜிபி சிப்பை "128 ஜிபி"ன்னு சொல்ல வச்சு விக்கறான். கல்யாண வீடியோவைக் காப்பி பண்ணா ஃபைல் பேரெல்லாம் அழகா வரும். திறந்தா உள்ளே குப்பை.

"பூட்டிட்டா செத்த பென் டிரைவை எப்படி எழுப்பறது?"ன்னு கேப்பீங்க. நியாயம். ஆனா இப்ப மட்டும் என்ன வாழுது? தொழிற்சாலையில ஓடவேண்டிய மென்பொருள் எங்கிருந்தோ கசிஞ்சு வருது, அதை முகம் தெரியாத தளத்துல இறக்கி ஓட்டறோம். கம்பெனியே கையெழுத்துப் போட்ட அப்டேட்டைத் தன் தளத்துல வைக்கலாமே? முடியாததா? ஐயன்கீ டிரைவ்ல கையெழுத்துப் போட்ட ஃபர்ம்வேர் இருக்கே! காசு அதிகம் கொடுத்தாத்தான் பூட்டுன்னா, மத்தவனெல்லாம் என்ன இளிச்சவாயனா?

அதுவரைக்கும் ரெண்டே வேலை: புதுசா வாங்கினா எச்2டெஸ்ட்டபிள்யூ இல்லேன்னா எஃப்3 போட்டு முழுக்க எழுதிப் படிச்சுப் பாருங்க. கீழே கிடந்த பென் டிரைவை சொருகாதீங்க.

அப்புறம், அந்த ஃபார்மட் வைத்தியத்தை இனியாவது நிறுத்துங்கய்யா. புண்ணியமாப் போகும் :-)