காலமறிந்து செய்யும் உதவி

பிறர்க்கு உதவுதல் அறம் என்பதை மறுப்பார் ஒருவரும் இலர். ஆயின், காலம் அறியாது செய்யும் உதவி, அதனைப் பெறும் உயிருக்கே தீங்காய் முடிதலும் உண்டு. வள்ளுவர் காலமறிதலுக்கெனத் தனியே ஓர் அதிகாரம் வகுத்தது அரசர்க்கு மட்டும் உரியதன்று. அடைவைத்த முட்டையின் அருகில் அமர்ந்திருப்போர்க்கும் அது பொருந்தும். ஓட்டை விட்டு வெளிவர இயலாது தவிக்கும் கோழிக்குஞ்சுக்கு நாம் கைகொடுக்கலாமா, ஆகாதா? வினா சிறியதே, எனினும் அதனுள் ஓர் உயிர் அடங்கியிருத்தலின், அதனை ஈண்டு ஆராய்தல் தகும்.

பாஞ்சாலங்குறிச்சி என்றவுடன் யாவர் உள்ளத்தும் கோட்டையே தோன்றும். 1799-இல் கட்டபொம்மனுடன் வீழ்ந்து, 1801-இல் ஊமைத்துரையால் மீண்டும் எழுந்து, அவ்வாண்டே மறுபடியும் வீழ்ந்தது அக்கோட்டை. 1974-இல் எழுப்பப்பெற்ற நினைவுக் கோட்டையைக் காண வருவோர், அவ்வூர் வீடுகளின் புறக்கடைகளை நோக்குவதில்லை. அங்கே பஞ்சாரங்களின் கீழ்ச் சிறுவிடைக் கோழிகள் தம் குஞ்சுகளுடன் அடங்கியிருக்கும். பொருளற்ற பெண்டிர்க்கு அக்கோழிகளே சேமிப்பு, ஓரடைக் குஞ்சுகள் பிழைத்தால் பேரப்பிள்ளைக்குப் புத்தகம் உண்டு, பிழையாவிடின் இல்லை. தூத்துக்குடிக் கடற்கரையில் காற்று ஈரம் நிறைந்தது. உள்ளே கரிசற்காட்டிலோ, ஆனி ஆடித் திங்களில் மேல்காற்று வறண்டு வீசும். அவ்வறட்சிக்கும் யான் சொல்லப்போகும் செய்திக்கும் தொடர்புண்டு.

சென்ற ஆண்டு ஆனியில், அவ்வூரில் வாழும் என் ஆச்சியின் அடைக்கோழியைக் கீரி கவ்விச் சென்றது. 12 முட்டைகள் தாயற்றுக் கிடந்தன. யான் கல்வி கற்றவன் என்னும் செருக்கால், ‘இன்குபேட்டர்’ எனப்படும் மின்சார அடைப்பெட்டி ஒன்றை இரவல் வாங்கி, அவற்றை அதனுள் வைத்தேன். வெப்பத்தைக் கவனித்தேன், ஈரத்தைக் கவனித்திலேன். 21-ஆம் நாள் 6 குஞ்சுகள் வெளிவந்தன. ஏழாவது முட்டையில் காலையிற் சிறு துளை ஒன்று தோன்றிற்று. உள்ளிருந்து குஞ்சு கத்திற்று. மாலை வரையில் துளை பெரிதாகவில்லை. பொறுக்கமாட்டாது யான் ஓட்டை உரித்தேன். உரித்தவுடன் சவ்விலிருந்து குருதி கசிந்தது. குஞ்சின் வயிற்றில் மஞ்சட்கரு உள்ளடங்காது தொங்கிற்று. அன்றிரவே அது இறந்தது. “அவசரப்பட்டுவிட்டாயே ஐயா, அதற்கு உள்ளே இன்னும் வேலை கிடந்தது” என்றார் ஆச்சி.

அச்சொல் என்னைச் சுட்டது. அடுத்த நாள் வேறு இரண்டு முட்டைகளில் துளை கண்டேன்; அஞ்சி அவற்றைத் தொட்டிலேன். ஒரு பகலும் ஓர் இரவும் கழிந்தும் அவை வெளிவரவில்லை. பின்னர்த் திறந்து பார்த்தபோது, உள்சவ்வு காகிதம்போல் உலர்ந்து குஞ்சுகளை இறுகப் பிணித்திருந்தது, இரண்டும் இறந்திருந்தன. எஞ்சிய மூன்றும் கூழ்முட்டைகள். ஆக, என் அவசரம் ஒன்றைக் கொன்றது. என் அச்சம் இரண்டைக் கொன்றது.

ஆச்சி கூறிய ‘உள்வேலை’ யாது? ஏறத்தாழ 19-ஆம் நாளில் குஞ்சு, முட்டையின் அகன்ற பக்கத்திலுள்ள காற்றறைக்குள் அலகை நுழைத்து, முதன்முறை நுரையீரலால் மூச்சு வாங்குகின்றது. பின்னர் மேலலகின் நுனியிலுள்ள சிறு முளையால் ஓட்டிற் துளையிடுகின்றது. அதன்பின் பல மணி நேரம் அது ஓய்ந்திருப்பதுபோல் தோன்றும், உண்மையில் ஓய்வன்று. சவ்வின் நரம்புகளில் ஓடும் குருதி உடலுக்குள் மீளுகின்றது. மஞ்சட்கரு வயிற்றுக்குள் ஏறி அடங்குகின்றது. அக்கருவே பிறந்த பின்னர் இரண்டு நாட்களுக்கு மேல் தீனியின்றி வாழ அதற்குக் கட்டுச்சோறாகும். இவ்வேலை முடிந்த பின்னரே குஞ்சு ஓட்டைச் சுற்றி வட்டமாக உடைத்து வெளிவரும். முதற்றுளையிலிருந்து இதற்கு 12 மணி முதல் 24 மணி வரை ஆதல் இயல்பு. வடநூலார் பறவையை இருமுறை பிறப்பது என்னும் பொருளில் துவிஜம் என்றனர். அவ்விரண்டாம் பிறப்பு ஒரு நொடியில் நிகழ்வதன்று.

இதனைக் கண்டு சிலர், “தானே வெளிவர வலியற்ற குஞ்சு வாழத் தகாதது, அதனை விட்டுவிடுக” என்பர். மேனாட்டுக் கோழி வளர்ப்போரிலும் இக்கொள்கையினர் பலர் உளர். அவர் கூற்றில் ஓரளவு உண்மை உண்டு; உறுப்புக் குறையால் வெளிவர இயலாத குஞ்சுகளும் உள. ஆயினும் யான் அதனை முற்றும் உடன்படேன். என் பெட்டியில் சவ்வு உலர்ந்தது குஞ்சின் குற்றமா? நீர் வையாதது யான். மூடியை மணிக்கொருமுறை திறந்து ஈரத்தை வெளிவிட்டதும் யான். நம் பிழையால் நேர்ந்த சிறையை இயற்கையின் தீர்ப்பு என்று கூறிக் கைகழுவுதல் நேர்மையன்று. இயற்கையின் வேலைக்குக் காத்திருத்தல் வேண்டும். நம் பிழைக்கு நாமே ஈடு செய்தல் வேண்டும். இவ்விரண்டையும் பகுத்தறிவதே உதவியின் இலக்கணம்.

அங்ஙனமாயின் எப்போது உதவுவது? துளையிட்டு 24 மணி கடந்தும் மேற்செல்லாது, சவ்வு வெளுத்தோ பழுத்தோ உலர்ந்து காணப்படின் உதவலாம். வெதுவெதுப்பான நீரில் நனைத்த துணியால் சவ்வை நனைத்து, துளையைச் சுற்றி ஓட்டைச் சிறிது சிறிதாக அகற்றுக. செந்நரம்பு ஒன்று தோன்றினும் கையை நிறுத்துக. ஈரத்துணி சுற்றி முட்டையை வெப்பத்தில் மீண்டும் வைத்துச் சில மணி பொறுத்திடுக. தலையும் மூக்கும் விடுபட்டபின், கடைசி ஓட்டைக் குஞ்சே உதைத்து வெளிவர விடுக. வெளிவந்தபின் கால்கள் இருபுறமும் வழுக்கி விரியுமாயின், சொரசொரப்பான துணியின்மேல் விட்டு, மெல்லிய துணிக்கீற்றால் இரு காலையும் உரிய இடைவெளியில் தளர்வாகப் பிணைக்க. முதல் நாட்களிலே செய்தால் பெரும்பாலும் சில நாளில் நேராகும்.

எனினும் வருமுன் காத்தலே தலையாய உதவி. காற்றோட்டமுள்ள பெட்டியில் வெப்பம் 37.5 பாகை செல்சியசில் நிலைத்தல் வேண்டும்; முட்டைகளை 18-ஆம் நாள் வரை திருப்புதல் வேண்டும்; இறுதி மூன்று நாளில் நீர்த்தட்டை நிரப்பி, மூடியைத் திறவாதிருத்தல் வேண்டும். ஆச்சி, வறண்ட காற்று வீசும் நாட்களில் அடைக்கூடையின் மணலில் நீர் தெளிப்பார். அதனை மூடநம்பிக்கை என்று நகைத்தவன் யான். அதுவே யான் மறந்த பாடமாயிற்று. ஐயம் எழுவோர்க்குத் திருநெல்வேலி இராமையன்பட்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரியும் உளது. ஆச்சியின் பட்டறிவும் கல்லூரியின் நூலறிவும் ஒன்றையொன்று இகழாது கூடுமாயின், எத்தனையோ புறக்கடைகள் செழிக்கும்.

நம் ஆண்டவர் எருசலேமைக் குறித்து இரங்கியபோது, தம்மைக் கழுகுக்கு ஒப்பிடாது, குஞ்சுகளைச் சிறகின்கீழ்ச் சேர்க்கும் கோழிக்கு ஒப்பிட்டார். அத்தாய்க்கோழி முட்டையின்மேல் 21 நாள் அரைப்பட்டினியாய்க் கிடக்கின்றது. ஓட்டினுள் கத்தும் குஞ்சுக்கு மறுகுரல் கொடுக்கின்றது. ஆயினும் ஓட்டை அவசரப்பட்டுக் கொத்துவதில்லை. அன்பு என்பது வெப்பமும் பொறுமையும் கூடியது என்பதை அதனினும் நன்கு கற்பிப்பார் யார்?

இவ்வாண்டு ஆச்சி வேறொரு கோழியை அடைவைத்தார். 11 குஞ்சுகள் தாமே வந்தன. ஒன்று மட்டும் ஒருநாள் கழிந்தும் வரவில்லை, சவ்வு உலர்ந்திருந்தது. ஆச்சி துணியை நனைத்து என் கையிற் கொடுத்தார். நரம்பைக் கண்டு ஒருமுறை நிறுத்தினேன், மூன்று மணி காத்தேன், மீண்டும் தொடங்கினேன். கடைசி ஓட்டை அது தானே உதைத்துத் தள்ளிற்று. இன்று அது தன் உடன்பிறப்புக்களோடு குப்பையைக் கிளறித் திரிகின்றது. அவற்றுள் அது எதுவென எனக்கே அடையாளம் தெரியவில்லை. உதவி பெற்றதென்று தெரியாவண்ணம் வாழ்விப்பதே உதவியின் நிறைவு அன்றோ!