300 டிபிஐ என்னும் மூடநம்பிக்கை

வடசென்னையில் டிசைன் வேலை பார்க்கிற யாரோடு டீ குடித்தாலும் ரெண்டாவது நிமிடத்தில் இந்த வசனம் வந்துவிடும்: "மச்சான், சிஸ்டம் ஹேங் ஆவுது, ராம் பத்தல." அடுத்தது 64 ஜிபி ராமின் விலை. அதற்கடுத்தது இஎம்ஐ. பேசின் பிரிட்ஜில் 8 ஜிபி ராமை வைத்துக்கொண்டு ஃப்ளெக்ஸ் டிசைன் செய்து பிழைக்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன், பத்தாதது ராம் இல்லை.

கொஞ்சம் கணக்குப் போடுவோம். 40 அடிக்கு 20 அடி பேனர். 300 டிபிஐயில் திறந்தால் 1,44,000க்கு 72,000 பிக்சல். மொத்தம் ஆயிரம் கோடிப் புள்ளிகளுக்கு மேல். சிஎம்ஒய்கேயில் புள்ளிக்கு 4 பைட் என்றால் ஒரே ஒரு லேயர் மட்டும் 41 ஜிபி. போட்டோஷாப்பின் பிஎஸ்டி கோப்பு 30,000 பிக்சலைத் தாண்டாது, 2 ஜிபியைத் தாண்டாது. பிஎஸ்பிக்கு ஓட வேண்டும். அதே பேனரை 30 டிபிஐயில் திறந்து பாருங்கள். 14,400க்கு 7,200. லேயருக்கு 400 எம்பி சொச்சம். நீளம், அகலம் ரெண்டும் பத்தில் ஒன்றாகக் குறைவதால் சுமை நூறில் ஒன்றாகிவிடுகிறது. பத்து லேயர் போட்டாலும் என் பழைய மிஷினுக்கு மூச்சு வாங்காது.

ராம் நிரம்பினால் என்ன ஆகும் என்று எங்க ஏரியாக்காரனுக்குப் பாடம் எடுக்க வேண்டாம். சென்ட்ரலில் பிளாட்பாரம் காலியில்லை என்றால் ரயிலை பேசின் பிரிட்ஜில் நிறுத்திப்போடுவான். ராத்திரி முழுக்க ஓடிவந்த வண்டி, கடைசி ரெண்டு கிலோமீட்டருக்கு சிக்னலைப் பார்த்துக்கொண்டு நிற்கும். ராமில் இடமில்லாத பிக்சல்களும் அப்படித்தான் ஹார்ட் டிஸ்கில் போய் நிற்கின்றன. வண்டி நல்ல வண்டிதான். வரத் தேவையில்லாத வண்டிகளை எல்லாம் ஏன் வரவிடுகிறோம் என்பதுதான் கேள்வி.

நல்ல கண் பிரித்துப் பார்க்கக்கூடிய கோணம் ஏறக்குறைய ஒரு பாகையில் 60-ல் ஒரு பங்கு. 30 அடி தூரத்தில் அது இரண்டரை மில்லிமீட்டருக்கும் அதிகம். அங்குலத்துக்குப் பத்துப் புள்ளி இருந்தால் போதும். 30 டிபிஐ என்பதே தாராளம். கையில் பிடித்துப் பார்க்கிற ஏ3 பிரிண்டுக்கு 300 கேளுங்கள், நியாயம். கம்பத்தின் உச்சியில் நிற்கிற தலைவரின் மீசையில் முடிமுடியாக எண்ணுவதற்கு யார் ஏணி போட்டு ஏறப்போகிறார்கள்?

இதெல்லாம் புதுசா? பேனர் ஓவியர்கள் சின்ன ஸ்டில்லின் மேல் கட்டம் போட்டு, அதே கட்டங்களைத் துணியில் பெரிதாக இழுத்து, பட்டைப் பட்டையாக வண்ணம் வைத்தார்கள். பக்கத்தில் நின்றால் வெறும் நீலமும் மஞ்சளும். எதிர்ப்பக்கம் பஸ் ஸ்டாப்பிலிருந்து பார்த்தால் எம்.ஜி.ஆர். தூரத்தை அவர்கள் ஓவியத்துக்குள் சேர்த்துத்தான் வரைந்தார்கள். 'திரைச்சீலை' நூலை எழுதிய கோவை ஓவியர் ஜீவா அந்தப் பட்டறை மரபிலிருந்து வந்தவர்தான். நான் கட்டணம் கட்டிப் படித்த மல்டிமீடியா வகுப்பில் இந்த மரபைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. "ப்ரொஃபஷனல்னா 300" என்பதோடு பாடம் முடிந்தது.

அதற்காக சாஃப்ட்வேர் கம்பெனிகளைச் சும்மா விடவும் எனக்கு மனசில்லை. 100 பிக்சல் தூரிகையை 1,000 ஆக்கினால் பரப்பு நூறு மடங்கு. கோடு கைக்குப் பின்னால் நொண்டிக்கொண்டு வரும். இதற்கு வழியே இல்லையா? இலவச மென்பொருளான கிரிட்டா 2016-லேயே வழி காட்டியது. வரையும்போது படத்தின் சிறிய நகலில் கோட்டை உடனே காட்டிவிட்டு, முழு அளவிலான கணக்கைப் பின்னால் முடித்துக்கொள்ளும். பழைய பேனர் ஓவியரின் மூளைதான் அது. மாதச் சந்தா கட்டுகிறவன் அதைவிடக் குறைவாக எதற்குத் திருப்திப்பட வேண்டும்?

எனக்குக் கோபம் வருவது இன்னொரு இடத்தில். புளியந்தோப்பு, வியாசர்பாடிப் பசங்களில் அருமையாக வரைகிறவர்கள் உண்டு. சுவர் அளவுக்கு யோசிக்கிற கை. அவர்களிடம் போய், "இந்த மிஷின்ல பெரிய ஒர்க் வராதுப்பா" என்கிறார்கள். அவனும் நம்பி, போன் திரைக்குள் அடங்குகிற சைஸில் வரைந்து இன்ஸ்டாவில் போட்டுக்கொண்டிருக்கிறான். ஒரு லட்ச ரூபாய் கம்ப்யூட்டர் வாங்கிய பிறகுதான் 40 அடிக்கு யோசிக்கலாம் என்று எந்த ஊர்ச் சட்டம்?

பிரிண்டர்காரர் 300 கேட்டால், "எவ்ளோ தூரத்துல நின்னு பாப்பாங்க?" என்று கேட்டுப் பாருங்கள். நான் கேட்பதுண்டு. "அதெல்லாம் தெரியாது தம்பி, ஃபைல் பெருசா இருந்தாதான் கஸ்டமருக்குத் திருப்தி" என்றார் ஒருவர்.