பாணிடம் யாரும் ஊர் கேட்பதில்லை



காலையில் லயத்துப் பக்கம் வரும் சூன் பாண் ஓட்டோவில் கேட்கும் மெட்டு ஜேர்மனியின் பீத்தோவனுடையது. 'பாண்' போர்த்துக்கேயச் சொல். 'பணிஸ்' ஆங்கிலத்திலிருந்து வந்தது. கிம்புலா பணிஸின் 'கிம்புலா' சிங்களத்தில் முதலை. கோதுமையோ கப்பலில் வருகிறது. ஆனாலும் பாணை யாரும் வெளிநாட்டுச் சாப்பாடு என்பதில்லை. தோட்டத்து ரொட்டியும் அதே கோதுமை மாவில்தான் சுடப்படுகிறது.

மனிதருக்கு மட்டும் வேறு கணக்கு. 1948இல் மலையக மக்களின் பிரஜாவுரிமையைப் பறித்தார்கள். இன்றும் அவர்களையும், சில வேளை முஸ்லிம்களான எங்களையும் "வந்தவர்கள்" என்கிறார்கள். கோதுமை வாங்கும் டொலரில் தோட்டத்துக் கொழுந்தின் உழைப்பும் இருக்கிறது.

இதை நாங்கள் வகுப்பில் சொல்கிறோம். நீங்களும் காலைச் சாப்பாட்டின்போது பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.