முரசு வாசித்தவருக்கு இடமில்லாத பாடல்



இலக்கணமும் கட்டுரைப் பயிற்சியும் எழுதிக் கொண்டிருந்தவர் திடீரென்று ராக் இசைக்குத் தாவிவிட்டாரே என்று சிலர் முகம் சுளிக்கக்கூடும். பொறுத்தருள்க. சொல்ல வந்த செய்தி வகுப்பறைக்கும் வந்து சேரும்.

எண்பதுகளின் இறுதியில் எங்கள் தோட்டத்துக்கு அருகிலிருந்த சிறுநகரின் இரவுச் சந்தையில் என் அண்ணன் ஓர் ஒலிநாடா வாங்கி வந்தார். உறையில் நான்கு பெண்கள். 'பேங்கிள்ஸ்' என்பது குழுவின் பெயர். வளையல் என்று பொருள்படும் பெயர் என்பதால் எனக்கு அது பிடித்துப்போயிற்று. 'டிஃபரண்ட் லைட்' என்பது 1986இல் வெளிவந்த அவர்களுடைய இரண்டாவது இசைத்தொகுப்பு. அதிலிருந்த 'வாக் லைக் அன் இஜிப்ஷியன்' என்ற பாடலுக்கு, எகிப்தியச் சுவரோவியத்தில் இருப்பதைப் போல் கைகளை மடித்துக்கொண்டு வீட்டுக் கூடத்தில் நடப்போம். அம்மா திட்டுவார். பாடல் நின்றபின் அவரும் ஒருமுறை நடந்து பார்த்ததை நான் கண்டிருக்கிறேன்.

அந்தப் பாடலில் குழுவின் முரசுக்கலைஞர் முரசு வாசிக்கவில்லை என்பதைப் பல்லாண்டுகள் கழித்தே அறிந்தேன்.

இக்குழு 1981இல் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் தோன்றியது. விக்கி பீட்டர்சன், டெபி பீட்டர்சன் என்ற சகோதரிகளும் சுசானா ஹோஃப்ஸ் என்பவரும் அதன் மூலவர்கள். 1983இல் மைக்கேல் ஸ்டீல் என்ற பெண்மணி பேஸ் கித்தாருக்கு வந்து சேர்ந்தார். இவர்களிடையே தலைமைப் பாடகி என்று தனியாக ஒருவர் இல்லை, நால்வரும் பாடுவர். நான்கு குரல்களும் இணைந்து ஒலிப்பதே அக்குழுவின் அடையாளம். 1984இல் வந்த முதல் தொகுப்பு 'ஆல் ஓவர் தி பிளேஸ்'. விமர்சகர்கள் பாராட்டினர், ஆனால் விற்பனை பெரிதாக இல்லை.

இரண்டாவது தொகுப்பு என்பது எந்தக் குழுவுக்கும் ஒரு கண்டம். முதல் தொகுப்புக்கான பாடல்களைப் பல ஆண்டுகள் மேடையில் பாடிப் பாடி மெருகேற்றியிருப்பார்கள். இரண்டாவதற்கு அந்த அவகாசம் கிடைப்பதில்லை. நிறுவனமோ இம்முறை விற்றே ஆகவேண்டும் என்று காத்திருக்கும். முதல் தொகுப்பைத் தயாரித்த டேவிட் கான் என்பவரே இதற்கும் தயாரிப்பாளர். பன்னிரண்டு பாடல்களில் நான்கு முழுக்க முழுக்க வெளியார் எழுதியவை. எழுதிய நால்வரும் ஆண்கள். அவர்களுள் ஒருவர் பிரின்ஸ். 'மேனிக் மண்டே' என்ற பாடலை அவர் 'கிறிஸ்டஃபர்' என்னும் புனைபெயரில் கொடுத்தார். அது 1986இல் அமெரிக்கப் பட்டியலில் இரண்டாமிடம் வரை ஏறியது. முதலிடத்தை மறித்துக்கொண்டு நின்றது எது தெரியுமா? அதே பிரின்ஸ் பாடிய 'கிஸ்'! (பிரின்ஸ் தாமே பாடிப் பதிவு செய்து வைத்திருந்த 'மேனிக் மண்டே' அவர் மறைவுக்குப் பின் 2019இல் வெளிவந்தது. கேட்டுப் பாருங்கள், பெண்கள் பாடியதே மேல் என்பது என் துணிபு.)

'இஜிப்ஷியன்' பாடலை இயற்றியவர் லியம் ஸ்டெர்ன்பெர்க். ஆட்டங்காணும் படகில் விழாமலிருக்கக் கைகளை நீட்டித் தள்ளாடிய பயணிகளைக் கண்டு அவருக்கு அந்தக் கற்பனை உதித்ததாம். பாடலில் மூன்று சரணங்கள். குழுவிலோ நான்கு பேர். தயாரிப்பாளர் நால்வரையும் பாடச் சொல்லிக் கேட்டார். விக்கிக்கு ஒன்று, மைக்கேலுக்கு ஒன்று, சுசானாவுக்கு ஒன்று என்று முடிவாயிற்று. டெபிக்கு இல்லை. பாட்டுத்தான் இல்லையென்றால் முரசாவது உண்டா? அதையும் தாள இயந்திரம் எடுத்துக்கொண்டது. தம் குழுவின் மிகப் பெரிய வெற்றிப் பாடலில் அவருக்கு எஞ்சியது பின்குரல் மட்டுமே. அந்தப் பாடல் 1986 டிசம்பரில் முதலிடம் பிடித்து நான்கு வாரம் அங்கேயே இருந்தது. பில்போர்டு இதழின் 1987ஆம் ஆண்டுப் பட்டியலிலும் அதற்கே முதலிடம். தொகுப்பு அமெரிக்காவில் இரண்டாமிடம் வரை சென்றது.

நம் கோயில் திருவிழாவில் ஆண்டு முழுதும் பழகிவந்த உறுமிக்காரரிடம், "இன்று ஒலிப்பதிவு போட்டுக்கொள்கிறோம், நீங்கள் ஓரமாக நின்று கூட்டத்தோடு சேர்ந்து குரல் கொடுங்கள்" என்று சொல்லிப் பாருங்களேன்.

தயாரிப்பாளர் செய்தது தவறு என்று ஒற்றை வரியில் சொல்லிவிட எனக்கும் ஆசைதான். ஆனால் பாடலைக் கேட்டால் அவ்வாறு சொல்ல நா எழவில்லை. அந்த இயந்திரத் தாளத்தின் விறைப்பு, சுவரோவிய நடைக்கு அப்படிப் பொருந்துகிறது. அவர் காதில் ஒரு பாடல் இருந்தது, அதை அடைந்துவிட்டார். வெளியாரின் பாடல்கள் இல்லையென்றால் எங்கள் சிறுநகரின் இரவுச் சந்தைக்கு அந்த ஒலிநாடா வந்திருக்கவும் மாட்டாது. ஆயினும் ஒன்று கேட்கிறேன். பெண்களுக்கு இசைக்கருவி வாசிக்க வராது என்ற பேச்சு மலிந்திருந்த காலம் அது. தாமே எழுதி, தாமே வாசித்த பெண்கள் குழுவொன்றின் தொகுப்பு அமெரிக்காவில் முதலிடம் பெற்றதே 1982இல்தான். அது 'கோ-கோஸ்' குழு. அதன்பின் நான்கே ஆண்டுகளில், வாசிக்கத் தெரிந்த பெண்களை வைத்துக்கொண்டே வாசிப்பை வேறிடத்தில் வாங்கலாமா? வெளி இசைஞர்களும் அத்தொகுப்பில் வாசித்திருக்கிறார்கள். வெற்றி குழுவின் பெயருக்கு வந்தது. ஆனால் மேடையேறும்போது அந்த வெற்றியை "இது நாம் செய்தது" என்று எவ்வளவு தூரம் உரிமை கொண்டாட முடியும்?

இங்குதான் என் வகுப்பறை வருகிறது.

சென்ற ஆண்டு மாவட்டப் பேச்சுப் போட்டிக்கு ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தியைத் தயார் செய்தேன். 'உழைப்பின் உயர்வு' தலைப்பு. பால்மரம் வெட்டிய தன் பாட்டியைப் பற்றி அவளே இரண்டு பக்கம் எழுதி வந்தாள். அதில் ஒரு வரி: இரண்டு கையிலும் பால்வாளி இருக்கும்போது கொசு கடித்தால் பாட்டியால் சொறிய முடியாதாம், அதனால் பாட்டுப் பாடிக்கொண்டே நடப்பாராம். சிரித்தேன், பிறகு அடித்துவிட்டேன். நடுவர்களுக்கு அது ஏற்காது என்று எண்ணினேன். திருக்குறள் இரண்டைச் சேர்த்தேன். எதுகை மோனையோடு தொடக்கம், உணர்ச்சி பொங்க முடிவு, எந்தச் சொல்லில் கையை உயர்த்துவது என்பது வரை எல்லாம் என்னுடையவை. அவள் மனனம் செய்தாள். ஒரு சொல் பிசகவில்லை. முதல் பரிசு.

திரும்பி வரும்போது பேருந்தில் கிண்ணத்தை என் மடியில் வைத்துவிட்டு, "நீங்களே வச்சிக்குங்க டீச்சர், இது உங்க பேச்சுதானே" என்றாள். குறையாகச் சொல்லவில்லை. உள்ளதை உள்ளபடி சொன்னாள்.

சக ஆசிரியர் ஒருவரிடம் இதைக் கூறினேன். "எல்லாப் பள்ளியிலும் இதுதானே நடக்கிறது, நாம் மட்டும் எழுதிக் கொடுக்காவிட்டால் நம் பிள்ளைதான் தோற்கும்" என்றார். அவர் சொல்வதும் பொய்யில்லை. டேவிட் கானும் தம் நிறுவனத்தாரிடம் இதையே சொல்லியிருப்பாரோ என்று நினைத்துக்கொண்டேன்.

பேங்கிள்ஸ் 1989இல் பிரிந்தது. 'எட்டர்னல் ஃபிளேம்' பாடல் முதலிடம் பெற்ற அதே ஆண்டு! பிரிவுக்கு ஒரே காரணம் இருக்க முடியாது. ஆயினும் நால்வர் குழுவை ஊடகங்கள் சுசானாவின் குழுவாகவே காட்டிவந்த கசப்பும் அதில் ஒன்று என்பது பலரும் அறிந்தது. யார் முன்னே நிற்பது, யார் பின்னே நிற்பது என்பதை வெளியார் தீர்மானிக்கத் தொடங்கினால் உள்ளே என்ன நடக்கும் என்பதற்கு நீண்ட விளக்கம் வேண்டியதில்லை. பின்னாளில் அவர்கள் மீண்டும் ஒன்று சேர்ந்து, 2003இல் புதிய தொகுப்பும் வெளியிட்டனர் என்பது எனக்கு ஆறுதல்.

இன்று அந்த இரண்டாவது தொகுப்பைக் கேட்கும்போது நான் முதலில் தேடிப்போவது வெற்றிப் பாடல்களை அல்ல. 'ஃபாலோயிங்' என்றொரு பாடல். மைக்கேல் ஸ்டீல் தாமே எழுதித் தாமே பாடியது. மற்ற பாடல்களின் பளபளப்பு அதில் இல்லை. கித்தாரும் தாழ்ந்த குரலுமாக, சற்று அச்சமூட்டும் பாட்டு. சிறுவயதில் அது வரும்போதெல்லாம் நாடாவை முன்னோக்கி ஓட்டிவிடுவோம். அத்தொகுப்பில் ஒருவர் மற்றவர் கைபடாமல் பேசிய இடம் அதுதான் என்று இப்போது தோன்றுகிறது.

அம்மாணவி இப்போது ஆறாம் ஆண்டு. இவ்வாண்டுப் போட்டிக்கும் அவள்தான். மீண்டும் பாட்டியைப் பற்றியே எழுதியிருக்கிறாள். கொசு திரும்ப வந்துவிட்டது. எழுத்துப் பிழைகளை மட்டும் திருத்திக் கொடுத்திருக்கிறேன். ஒற்றுப்பிழை மட்டும் பதினேழு. போட்டிக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. சிவப்புப் பேனாவைக் கைப்பைக்குள் போட்டு வைத்திருக்கிறேன்.